கான்ஃபரன்ஸ்ல சால்வை இருக்கு, சாப்பாடு இருக்கு, நெட் மட்டும் இல்ல (நீண்ட இழை)

மருத்துவ மாநாடு நடத்துற பெரியவங்க கொஞ்சம் கோவிச்சுக்கப் போறீங்க. பரவாயில்ல, இந்த இழையே உங்களுக்காகத்தான். டாக்டர் இல்லாதவங்களும் படிங்க. ஏன்னா நாங்க அங்க அரைகுறையா கத்துக்கிட்டு வந்தா, கடைசியில நஷ்டம் உங்களுக்குத்தான்.

நான் சொல்ல வர்றது இதுதான். மாநாட்டு அரங்குல உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் ஒழுங்கா நெட் கிடைக்கணும்கிறது சொகுசு இல்ல. மைக், ப்ரொஜெக்டர், குடிதண்ணி மாதிரி அடிப்படை வசதி. அது இல்லாத கூட்டத்துல மேடையில இருக்கிறவர் சொல்றதைக் கேட்டுட்டு வரலாம். சரிபார்க்க முடியாது.

வெளியில இருக்கிறவங்களுக்காக ஒரு விஷயம். எம்பிபிஎஸ் முடிச்சதோட எங்க படிப்பு முடியறதில்ல. 5 வருஷத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில கலந்துக்கணும்னு 2002-ல வந்த மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்லுது. சிஎம்இ, கான்ஃபரன்ஸ்னு நாங்க ஓடுறதெல்லாம் இதுக்குத்தான். சனிக்கிழமை நைட் டூட்டி முடிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில பஸ் பிடிச்சு, சொந்தக் காசுல பதிவுக் கட்டணம் கட்டி வர்ற அரசு டாக்டர்கள் நிறைய பேர். அவங்களுக்கு அந்த ஒரு நாள் ரொம்பப் பெரிசு.

இப்ப அரங்குக்குள்ள வாங்க. வாசல்ல வைஃபை பேரும் பாஸ்வேர்டும் அழகா அச்சடிச்சு ஒட்டியிருப்பாங்க. கனெக்ட் ஆகும். அதுக்குக் கீழேயே 'இன்டர்நெட் இல்லை'ன்னு வரும். இன்னும் சில இடத்துல ஒரு பக்கம் திறக்கும், மொபைல் நம்பர் கேட்கும், ஓடிபி அனுப்புறோம்னு சொல்லும். ஹால் இருக்கிறது தரைக்குக் கீழ. சிக்னலே கிடையாது. ஓடிபி எந்த வழியா வரும்? சிக்னல் இல்லாததாலதானய்யா வைஃபை கேட்டோம்!

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா"ன்னு கேட்பீங்க. ஒரு உண்மையான உதாரணம் சொல்றேன்.

2008 நவம்பர், நியூ ஆர்லியன்ஸ் நகரம். அமெரிக்க இதய சங்கத்தோட வருடாந்திர மாநாடு. ஜூபிடர்னு ஒரு ஆய்வோட முடிவை மேடையில அறிவிச்சாங்க. கெட்ட கொழுப்பு அதிகமில்லாத, ஆனா ரத்தத்துல சிஆர்பி அளவு கூடுதலா இருந்த 17,802 பேர். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் 44 சதவீதம் குறைஞ்சதுன்னு முடிவு. அப்புறம் எத்தனையோ ஊர்ல எத்தனையோ ஸ்லைடுல அந்த 44 பெரிய எழுத்துல வந்திருக்கு.

மேடையில அறிவிச்ச அன்னைக்கே அந்தக் கட்டுரை மருத்துவ இதழோட இணையப் பக்கத்துலயும் வந்துடுச்சு. திறந்து பார்த்தா என்ன இருக்கும்? மாத்திரை எடுக்காதவங்கள்ல 2.8 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, எடுத்தவங்கள்ல 1.6 சதவீதம். அதாவது ஏறத்தாழ 2 வருஷத்துல 1,000 பேர்ல 28 பேருக்கு வந்தது 16 ஆச்சு. 12 பேர் தப்பிச்சாங்க. அதே கட்டுரையில இன்னொரு வரியும் இருக்கு: புதுசா சர்க்கரை நோய் வந்தவங்க அந்தப் பக்கம் 1,000-க்கு 24, இந்தப் பக்கம் 30.

44-ம் பொய்யில்ல, 12-ம் பொய்யில்ல. ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கிற நோயாளிகிட்ட பேசும்போது ரெண்டும் ஒண்ணும் இல்ல. (ஸ்டாட்டின் சாப்பிடறவங்க இதைப் படிச்சுட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவங்களுக்குக் கணக்கே வேற. உங்க டாக்டரைக் கேளுங்க.)

பேச்சாளர் 44-ன்னு சொல்ற அந்த நிமிஷத்துல மூணாவது வரிசையில இருக்கிற ஒரு டாக்டர் கட்டுரையைத் திறந்து, "சார், தனித்தனியா எத்தனை சதவீதம்?"னு எழுந்து கேட்கணும். அந்த ஒரு கேள்வியில 600 பேர் கத்துக்குவாங்க. வீட்டுக்குப் போய் ராத்திரி பார்த்தா அவர் ஒருத்தர் மட்டும் கத்துக்குவார். அதுவும் ராத்திரி பார்த்தாத்தான். திங்கட்கிழமை ஓபியில 150 பேர் நிற்கும்போது யாருக்கு அது ஞாபகம் வரும்?

இன்னொண்ணையும் சொல்லிடறேன், சிலருக்குக் கசக்கும். ஹால்ல நெட் இல்லேன்னா மருந்து பத்தின தகவல் ரெண்டே வழியிலதான் வரும். ஒண்ணு, மேடையில ஓடுற ஸ்லைடு. இன்னொண்ணு, வெளியில மருந்துக் கம்பெனி ஸ்டால்ல கொடுக்கிற பளபள காகிதம். நான் போன ஒரு மாநாட்டுல ஹால் முழுக்க நெட் செத்துக் கிடந்தது, ஸ்டால்ல மட்டும் டேப்லெட்ல வீடியோ பளிச்சுனு ஓடுது. அவங்க தனியா நெட் டாங்கிள் கொண்டு வந்திருந்தாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவங்களுக்கு நெட்டோட மதிப்பு தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல.

அடுத்தது பெரியவங்களோட நிரந்தர வாதம். "வைஃபை கொடுத்தா எல்லாரும் ரீல்ஸ் பார்ப்பாங்க, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பாங்க. நாங்கல்லாம் நோட்டும் பேனாவும் வெச்சுப் படிக்கலையா?"

பார்ப்பாங்க சார். சிலர் கண்டிப்பா பார்ப்பாங்க. நெட் இல்லாதப்ப அவங்க என்ன பண்றாங்கன்னு ஒரு தடவை கடைசி வரிசையில வந்து உட்கார்ந்து பாருங்க. பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் காரிடார்ல காபி. மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் போரடிக்கிற பேச்சை வைஃபையை அணைச்சுக் காப்பாத்த முடியாது. அப்புறம் அந்தக் காலம் வேற. நீங்க படிச்சப்ப ஒரு பாடப்புத்தகம் சில வருஷம் தாங்குச்சு. இன்னைக்கு வழிகாட்டு நெறிமுறைகள் அதுக்குள்ள மாறிடுது. நோட்டுல எழுதிக்கிட்ட டோஸ் சரியான டோஸா, போன பதிப்போட டோஸான்னு எங்க போய்ப் பார்க்கிறது?

எல்லார் போன்லயும்தான் டேட்டா பேக் இருக்கேன்னு ஒரு கேள்வி வரும். பேக் இருக்கு, அலை வரணுமே! தடிமனான கான்கிரீட் சுவர், அடித்தளத்துல ஹால். வர்ற கொஞ்ச சிக்னலையும் 600 போன் ஒரே டவர்ல இருந்து பிடுங்குது. இந்த நிலைமையில யாருக்கும் எதுவும் முழுசா வராது.

நடந்த ஒண்ணைச் சொல்றேன். இந்த மாதிரி ஒரு ஹால்ல உட்கார்ந்திருந்தேன். எங்க ஆஸ்பத்திரியில அன்னைக்கு டூட்டியில இருந்தது புதுசா சேர்ந்த தம்பி. நெஞ்சுவலின்னு ஒரு ஐயா வந்திருக்கார். ஈசிஜி எடுத்துட்டான். "அண்ணா, கொஞ்சம் பாருங்க, இன்ஃபீரியர் பக்கம் சந்தேகமா இருக்கு"ன்னு போட்டோ அனுப்பியிருக்கான்.

எனக்கு வந்தது மங்கலா ஒரு கட்டம், நடுவுல சுத்துற வட்டம். வைஃபையை அணைச்சேன், போட்டேன், ஏர்பிளேன் மோடு போட்டு எடுத்தேன். வட்டம் சுத்துது. நெஞ்சுவலியோட வர்றவருக்கு 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்து, படிச்சு, முடிவு பண்ணணும். இது உலகம் முழுக்க இருக்கிற விதி. எழுந்து, வரிசையில எல்லார் காலையும் மிதிச்சு, படியேறி, ஜெனரேட்டர் பக்கத்துல போய் நின்னேன். போட்டோ அப்பவும் வரல. நல்லவேளை கால் போச்சு. "எந்த லீடுல எத்தனை மில்லிமீட்டர்னு வாயாலயே சொல்லு"ன்னு கேட்டு முடிவு பண்ணினோம். நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே அவன் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் எல்லாம் கொடுத்து முடிச்சு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் எடுத்து வெச்சிருந்தான். அந்த ஐயா பிழைச்சுக்கிட்டார். முழுக்க அந்தத் தம்பியோட கெட்டிக்காரத்தனம்.

நான் உள்ளே திரும்பி வந்தப்ப என்ன நடந்துட்டு இருந்தது தெரியுமா? 'டிஜிட்டல் ஹெல்த்: எதிர்கால மருத்துவம்'. சத்தியமா.

அரசு டாக்டருக்கு மாநாட்டு நாள்னு தனியா ஒரு நாள் கிடையாது. ரெண்டு பேர் இருக்கிற இடத்துல ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் தனியா மாட்டிக்கிட்டு இருக்கார். வந்தவர் கையில இருக்கிற போன்தான் அவருக்குத் துணை. அதை நாலு சுவருக்குள்ள ஊமையாக்கிட்டு "கவனமா பாடம் கேளுங்க"ன்னா எப்படி?

ஏன் இப்படி ஆகுதுன்னு நெட்வொர்க் வேலை பார்க்கிற நண்பர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன். வைஃபைங்கிறது ரேடியோ. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், மத்தவங்க காத்திருக்கணும். நம்ம ஓபி மாதிரிதான். ஒரே டாக்டர், 600 நோயாளி. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் மூணே மூணு. வீட்டுல மாட்டுற சாதாரண ரவுட்டர் வழக்கமான அமைப்புல 250 சொச்சம் கருவிக்குத்தான் முகவரி கொடுக்கும். ஆளுக்கு ஒரு போன், சிலர்கிட்ட லேப்டாப்பும்னா பாதி ஹால் வெளியில நிக்கும். 'கனெக்ட் ஆகுது, நெட் வரல'ங்கிறதுக்கு இது ஒரு காரணம்.

இன்னொண்ணு கேட்டுச் சிரிச்சுட்டேன். மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணி, தண்ணி இந்த அலையை உறிஞ்சும். முந்தின நாள் சாயங்காலம் காலி ஹால்ல நின்னு "சூப்பரா வருதே"ன்னு டெஸ்ட் பண்றதெல்லாம், நாற்காலிக்கு வைத்தியம் பார்த்த கதை. ஆள் உட்கார்ந்தாத்தான் நோய் தெரியும்.

செலவு ஆகும்தான். ஆனா ஒரு கணக்கு போடுங்க. ஒரு வேளை சாப்பாடு தலைக்கு 400 ரூபாய்னு வெச்சாலே 600 பேருக்கு 2,40,000. அதோட மேடை பூ அலங்காரம், நினைவுப் பரிசு, சால்வை, யாரும் அப்புறம் தொடாத அந்தப் பை. இதுல எதையாவது ஒண்ணைக் குறைச்சுட்டு ரெண்டு நாளைக்கு நல்ல லைனும் ஏழெட்டு ஆக்சஸ் பாயின்டும் போட முடியாதான்னு ஒரு கொட்டேஷனாவது கேட்டீங்களா? சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லல. பிரியாணி விஷயத்துல நானும் உங்க கட்சிதான். ஒரு சால்வை குறைஞ்சா யாருக்கும் குளிராது.

ஹாலுக்கு வர முடியாதவங்களைப் பத்தியும் பேசணும். 2020-ல கொரோனாவால எல்லா மாநாடும் இணையத்துக்குப் போச்சே, ஐரோப்பிய இதயவியல் சங்கம் அந்த வருஷ மாநாட்டை இணையத்துல இலவசமா நடத்துச்சு. முந்தின வருஷம் பாரிஸ்ல நேர்ல கூடினவங்க 30,000 சொச்சம் பேர். 2020-ல பதிவு பண்ணினவங்க ஒரு லட்சத்துக்கும் மேல. விமான டிக்கெட், விசா, ஹோட்டல் எதுவும் இல்லாம, பிபிஇ கிட்டைக் கழட்டின கையோட போன்ல அதைப் பார்க்க முடிஞ்சது. கைக்குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு, டூட்டி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு பாடம் கேட்க முடியும்னு அப்பத்தான் பலருக்குத் தெரிஞ்சது.

இப்ப எல்லாம் பழையபடி. 'நேரலை உண்டு'ன்னு அழைப்பிதழ்ல போடறாங்க. பேச்சாளர் பேர் சொல்ற வரைக்கும் ஓடும். முக்கியமான ஸ்லைடு வந்ததும் வாய் திறந்தபடி உறைஞ்சு நிப்பார். ஏன்னா நேரலையும் 600 பேரோட போனும் ஒரே வைஃபைல. மேடைக்குன்னு தனியா ஒரு கேபிள் லைன் இழுத்திருந்தா முடிஞ்சிருக்கும். நைட் டூட்டி பார்த்துட்டு மலையோரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து காத்திருக்கிற டாக்டரம்மாவுக்கு அன்னைக்குக் கிடைச்சது, அந்த உறைஞ்ச முகம்.

இதெல்லாம் நடக்காத காரியமும் இல்ல. எடுரோம்னு ஒரு ஏற்பாடு 2000-களோட தொடக்கத்துல ஐரோப்பாவுல ஆரம்பிச்சது. உங்க கல்லூரி ஐடியை வெச்சு வேற நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் போன் தானாவே வைஃபைல சேர்ந்துக்கும். ஓடிபி கிடையாது, சுவர்ல பாஸ்வேர்டு கிடையாது. இந்தியாவுல எர்னெட் மூலமா இது இருக்கு. மாநாடு நடத்துற மெடிக்கல் காலேஜ்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

அமைப்பாளர்களே, அடுத்த தடவை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி லைன் வேகம் எவ்வளவு, ஒரே நேரத்துல எத்தனை கருவி தாங்கும்னு எழுத்துல வாங்குங்க. 'நெட் எல்லாம் இருக்கு சார்'ங்கிறது பதில் இல்ல. வரவேற்புக் குழு, உணவுக் குழு மாதிரி நெட்டுக்குன்னு ஒருத்தரைப் பொறுப்பாக்கி, அவர் நம்பரை ஐடி கார்டுக்குப் பின்னாடி போடுங்க. ஸ்லைடுகளையும் ஆய்வுக் கட்டுரைகளோட லிங்க்கையும் முந்தின நாளே அனுப்பிடுங்க, நெட் படுத்தாலும் கையில இருக்கும். ஓடிபி பக்கத்தைத் தூக்கிடுங்க.

கலந்துக்கிறவங்களே, நமக்கும் ஒரு வேலை இருக்கு. ஃபீட்பேக் ஃபார்ம்ல எல்லாத்துக்கும் 'எக்ஸலன்ட்' டிக் அடிச்சுட்டு சர்டிபிகேட் வாங்கிட்டு ஓடறதை நிறுத்துவோம். நெட் இல்லேன்னா இல்லேன்னு எழுதுங்க. பதிவு பண்றதுக்கு முன்னாடியே போன் போட்டுக் கேளுங்க. பத்துப் பேர் கேட்டா அடுத்த அழைப்பிதழ்ல சாப்பாட்டு மெனுவுக்குக் கீழ ஒரு வரி வரும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். யார் வேணா சேரக்கூடிய பொது வைஃபைல நோயாளியோட பேர், முகம் தெரியற போட்டோ, ரிப்போர்ட் எதையும் கண்ட ஆப்ல அனுப்பாதீங்க. ஈசிஜியோ எக்ஸ்ரேயோ அனுப்பணும்னா பேரை மறைச்சுட்டு அனுப்புங்க.