பனிச்சறுக்குப் பலகையும் பகுதிநேரச் சம்பளமும்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு எப்படியும் பிரான்சுக்குப் போய்விடும். மகன் அங்கே, மகள் அங்கே, பேரப்பிள்ளைகள் அங்கே. கொஞ்ச நாளாக ஒரு புகார் அடிக்கடி காதில் விழுகிறது. "வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை. அந்தச் சம்பளத்துல பனிச்சறுக்குப் பலகை வாங்கணுமாம்! பணக்காரன் வெளையாட்டு நமக்கெதுக்கு?"

இந்தப் புகாரில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே, கையில் கொஞ்சமாகக் காசு உள்ளவர் எதை முதலில் வாங்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். உங்கள் பேரனுக்கோ பேத்திக்கோ பயன்பட்டால் அனுப்பி வையுங்கள்.

"நீர் என்றைக்காவது பனியில் சறுக்கியிருக்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அரசு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். ரோடு ரோலர் ஓட்டத் தெரியாமலேயே ரோடு ரோலருக்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஒரு பொருளை எப்படி வாங்குவது என்பது தனி வித்தை. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பலருக்கு அது வருவதில்லை.

முதலில் "பணக்காரன் விளையாட்டு" என்ற பேச்சு. 1968 பிப்ரவரியில் கிரெனோபிள் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஷான் குளோத் கில்லி மூன்று தங்கம் வாங்கினார். நாங்கள் இங்கே பள்ளி நூலகத்தில், கப்பலில் தாமதமாக வரும் பிரெஞ்சுப் பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்து வாய் பிளந்தோம். எங்களுக்கு அது வேறு உலகம். ஆனால் அந்த ஊரில் பிழைக்கிற பிள்ளைக்கு அப்படியில்லை. கிரெனோபிளில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் மலை தெரியும். கில்லி பதக்கம் வாங்கிய ஷாம்ரூஸ் மலைக்கு நகரத்திலிருந்தே பஸ் போகிறது. தூரம் முப்பது கிலோமீட்டர் வாக்கில். அங்கே வளர்ந்த குழந்தைகள் பள்ளிக்கூடத்தோடு போய்ச் சறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நமக்குக் கடற்கரை எப்படியோ அவர்களுக்கு மலை அப்படி. ஒரே வித்தியாசம், கடலுக்கு நாம் டிக்கெட் எடுப்பதில்லை.

என் பேத்தி லீசே முடித்துப் பத்தொன்பது வயதில் அந்த ஊருக்குப் போனவள். இப்போது ரொட்டிக்கடை ஒன்றில் வாரம் இருபது மணி நேரம் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பும்போது அவளும் போனாள். பச்சைத் தடத்தில் விழுந்து எழுந்து, இப்போது நீலத் தடத்தில் தாராளமாக இறங்குகிறாள். சிவப்பில் கொஞ்சம் பயத்தோடு இறங்குகிறாள். அங்கே தடங்களின் கடினத்தைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் குறிக்கிறார்கள். இவளைப் போல நடுவில் நிற்பவர்களைத்தான் கடைக்காரர்கள் "இடைநிலை" என்கிறார்கள். மூன்று வருஷமாக வாடகைப் பலகையில் சறுக்கியவளுக்குச் சொந்தமாக ஒரு ஜோடி வேண்டும் என்று ஆசை. இதில் என்ன தப்பு?

ஆசை சரி. கணக்கு?

பிரான்சில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12 யூரோவை ஒட்டி இருக்கிறது. பிடித்தம் போகக் கையில் ஒன்பதரை யூரோ வரும். வாரம் 20 மணி என்றால் மாதம் சுமார் 800 யூரோ. வாடகை, மளிகை, போன், பஸ் எல்லாம் போக மாதம் 50 யூரோ ஒதுக்க முடிந்தால் பெரிது. ஆக வருஷத்துக்கு 600 யூரோ. மலை சம்பந்தப்பட்ட எல்லாச் செலவும் இதற்குள் அடங்க வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பலகையின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவண்டிக்கு ஒரு நாள் கட்டணம் 40 யூரோவைச் சுற்றி. ஆறு ஞாயிறு போனால் 240. பலகை ஒருமுறைச் செலவு, இது வருஷா வருஷம் வரும் செலவு. பலகையில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, மலைக்குப் போகக் காசில்லாமல் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் உண்டாம்.

என் கருத்து இதுதான்: குறைந்த வருமானக்காரர் முதல் வருஷம் பூட்ஸ் மட்டும் வாங்க வேண்டும். பலகையை இரண்டாம் வருஷம் வாங்கினால் போதும்.

பளபளவென்று கண்ணில் படுவது பலகை. ஆனால் காலுக்கும் பலகைக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்துவது பூட்ஸ்தான். வாடகைப் பலகை சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம். வாடகை பூட்ஸ் நூறு பேர் கால் நுழைந்து உள்பஞ்சு அமுங்கிப்போனது. குதிகால் உள்ளே தூக்கும். குதிகால் தூக்கினால் பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. இதை மறைக்க ஒரு அளவு பெரிய பூட்ஸும் இரண்டு ஜோடி சாக்ஸும் போடுகிறார்கள். அது இன்னும் மோசம்.

சரியான முறை: பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்தால் அதுவே பூட்ஸ் அளவு. மெல்லிய சாக்ஸ் ஒன்று மட்டும் போதும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் தொடுவது விட வேண்டும். கடையிலேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். செருப்பிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பாதம் விரிந்திருக்கும். அதனால் அகலத்தையும் கேட்க வேண்டும். 100 மில்லிமீட்டருக்குப் பதில் 102, 104 என்று அகலமானவையும் கிடைக்கும். விறைப்புக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். இடைநிலைப் பெண்ணுக்கு 70, 80 போதும். நல்ல பூட்ஸ் 220 யூரோவுக்குள் கிடைக்கும்.

அடுத்த வருஷம் பலகை. 1968-இல் கையை உயர்த்தினால் மணிக்கட்டைத் தொடும் நீளத்தில், இரண்டு மீட்டருக்கு மேல் பலகை வைத்திருந்தார்கள். 1990-களில் நடு ஒடுங்கி முனைகள் அகன்ற புது வடிவம் வந்த பிறகு நீளம் குறைந்துவிட்டது. இப்போது இடைநிலைக்காரருக்குத் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் சரி. என் பேத்தியின் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. அவளுக்கு 148 வாக்கில் போதும். எடை குறைந்தவர் நீளத்தையும் குறைக்க வேண்டும்.

அடுத்து, பூட்ஸுக்கு அடியில் வரும் அகலம். சீர்செய்த தடத்தில் மட்டும் சறுக்குகிறவருக்கு 72 முதல் 80 மில்லிமீட்டர் போதும். 90, 100 என்பதெல்லாம் தடத்துக்கு வெளியே புதுப்பனியில் போகிறவர்களுக்கு. அகலம் கூடினால் கெட்டிப்பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற நேரமாகும், முழங்காலுக்கும் வேலை அதிகம். திரும்பும் ஆரம் 12 முதல் 15 மீட்டர் இருக்கட்டும். உள்ளே மரம் வைத்தது நல்லது. டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு இரண்டு அடுக்கு வைத்த பலகை வேகக்காரர்களுக்கு. மெதுவாகப் போகிறவர் காலில் அது வளையாது. விலை கூடினால் எல்லாருக்கும் நல்லது என்று நினைப்பது தவறு. விலை கூடக் கூட அந்தப் பலகை வேறு ஓர் ஆளுக்கானது என்றுதான் அர்த்தம்.

அலுவலகத்தில் இதற்கு நேர்மாறான வியாதி இருந்தது. விலை குறைந்தவனுக்கே ஆர்டர். ஒரு முறை அப்படி வாங்கிய நாற்காலிகள் ஆறே மாதத்தில் கால் ஆடின. பத்து ரூபாய் மிச்சம், பழுதுக்கு இருபது. ஆகவே மிக மலிவும் வேண்டாம், மிக உயர்ந்ததும் வேண்டாம். தேவையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிறவற்றில் விலை குறைந்ததை எடுக்க வேண்டும்.

அப்படி எடுக்க ஒரு நல்ல வழி, போன வருஷத்து மாடல். பல கம்பெனிகள் ஒரே பலகையை இரண்டு மூன்று வருஷம் செய்கின்றன. மாறுவது மேலே ஒட்டிய நிறமும் படமும்தான். கடையில் 400 யூரோ போட்டிருந்தது, பருவம் முடியும் மார்ச், ஏப்ரலில் 280-க்கு வரும். பெட்டி பிரிக்காத புதுப்பொருள். போன வருஷத்துத் தீபாவளிச் சேலையை இந்த வருஷம் கட்டினால் துணி கெட்டா போகும்?

பழசு வாங்கலாமே என்பார்கள். அங்கே அக்டோபர், நவம்பரில் ஸ்கி கிளப்புகள் பழைய சாமான் சந்தை நடத்துகின்றன. பேத்தி வளரும் குழந்தையாக இருந்தால் அங்கேதான் போகச் சொல்வேன். வளர்ந்தவர் நாலைந்து வருஷம் வைத்திருக்கப் போகிற பொருள் என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் பலகையல்ல, அதன்மேல் பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங். விழும்போது அது சரியான நேரத்தில் விட்டுவிட வேண்டும். பழைய பைண்டிங்குகளைச் சரிபார்க்கக் கடைக்காரர்களே மறுப்பதுண்டு. போதாததற்கு, இப்போது வரும் வளைந்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் பழைய பைண்டிங்கில் சரியாகப் பொருந்தாது. பூட்ஸை முதலில் வாங்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். அதைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கலாம்.

பைண்டிங்கை அமைக்கும்போது கடைக்காரர் வயது, எடை, உயரம், எந்த மாதிரிச் சறுக்குகிறீர்கள் என்று கேட்பார். உண்மையைச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் எடையைக் குறைத்துச் சொல்வதும், ஆண் பிள்ளைகள் "நான் கறுப்புத் தடத்துக்காரன்" என்று அளப்பதும் உலக வழக்கம். குறைத்துச் சொன்னால் பலகை தேவையில்லாமல் கழன்றுகொள்ளும். கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் தசைநார் கிழியும். பகுதிநேரக்காரருக்கு முழங்கால்தான் மூலதனம். எட்டு மணி நேரம் நின்றால்தான் சம்பளம். அந்த எண்ணைத் தாமே ஸ்குரூ டிரைவரால் திருப்பிக்கொள்ளவும் கூடாது.

இப்போது கணக்கை முடிக்கிறேன். விலை கடைக்குக் கடை மாறும், போக்கைப் பாருங்கள். முதல் குளிர்காலம்: பூட்ஸ் 220, ஆறு நாள் பலகை வாடகை நாளுக்கு 20 வீதம் 120, மலைக் கட்டணம் 240. மொத்தம் 580. இரண்டாவது: பலகை பைண்டிங்கோடு 280, கட்டணம் 240, விளிம்பு தீட்டி மெழுகு பூச 40. மொத்தம் 560. மூன்றாவது: 280 மட்டுமே. மிச்சம் 320 யூரோ கையில். கடன் இல்லை, தவணை இல்லை.

வாடகையோடு ஒப்பிட்டால் வருஷம் ஆறு நாள் போகிறவருக்கு, பலகை வாங்கிய நாலாவது குளிர்காலத்தில் லாபம் தொடங்கும். பத்து நாள் போகிறவருக்கு இரண்டாவதிலேயே. மூன்று நாள்தான் போவேன் என்றால் பலகை வாங்கவே வேண்டாம், வாடகைதான் புத்திசாலித்தனம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இரண்டு சிறு விஷயங்கள். தடத்தில் அடிபட்டவரைக் கீழே கொண்டுவந்தால் பிரான்சில் அதற்குப் பில் வரும், ஆகவே காப்பீடு இல்லாமல் ஏற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் எஃகு விளிம்பைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். கடற்காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆடம்பரம் என்பது பொருளில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கடன் வாங்கிக் கல்யாண மண்டபம் பிடிக்கும் நாம், மாதம் ஐம்பது யூரோ சேர்த்து ஒரு பெண் மலையேறுவதைக் குறை சொல்வது நியாயமா? வாரம் முழுக்க விடியுமுன் ரொட்டிக்கடையில் நிற்கிறவளுக்கு ஞாயிறு ஒரு நாள் வெளிச்சமும் காற்றும் வேண்டாமா?

உதவ நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பிரான்சில் குளிர்காலத் தள்ளுபடி விற்பனை ஜனவரி முதல் அல்லது இரண்டாவது புதன்கிழமை தொடங்கி நாலு வாரம் நடக்கும். அதன் பெயர் சொல்த். நம்மூர் ரிடையர்டு சொல்தாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் பொங்கல் சரியாக அந்த நாலு வாரத்துக்குள் வருகிறது. இந்த வருஷப் பொங்கல் படியைக் கொஞ்சம் கூட்டி அனுப்புங்கள். "பூட்ஸ் வாங்கிக்கோ, நல்லா போட்டுப் பார்த்து வாங்கு" என்று ஒரு வரி எழுதுங்கள். புத்திமதி அதற்கு மேல் வேண்டாம்.