இருபத்தாறாவது கிலோ

அரிசி மூட்டையைத் தூக்கி டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்தபோதே இடுப்பு சின்னதாக ஒரு ஆட்சேபணை தெரிவித்தது.

"என்ன பாய், மூட்டை கனக்குதே? எனக்கு வயசாயிடுச்சா?"

"அதுவும் ஆச்சு தம்பி" என்றார் கடை பாய், கல்லாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா மூட்டையும் கூடிப்போச்சு. இப்பல்லாம் இருபத்தஞ்சு கிலோ வர்றதில்லை. இருபத்தாறு."

"ஒரு கிலோ இனாமா?"

"நல்லா கேட்டீங்க! இனாம் குடுக்கிற மூஞ்சியா இது? ஜிஎஸ்டி தம்பி, ஜிஎஸ்டி!"

இது நடந்தது 2022 அக்டோபரில், திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்தில். பி.காம் படித்தவன் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டு. பாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில், வீட்டுக்குப் போனதும் விவரத்தைத் தேடிப் படித்தேன்.

2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் ஜிஎஸ்டி கவுன்சிலின் 47-வது கூட்டம் நடந்தது. அங்கே முடிவெடுத்து ஜூலை 18-ஆம் தேதி அமலுக்குக் கொண்டு வந்தார்கள். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, தயிர், மோர் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் வரி. அதே தேதியில் கரண்டிக்கு 12-லிருந்து 18. மாவு அரைக்கிற வெட் கிரைண்டருக்கு 5-லிருந்து 18. தயிர்சாதத்தை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும், கிளறுகிற கரண்டி உள்பட, தப்பிக்க வழியில்லாத ஏற்பாடு.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டு அரிசிக்கு மட்டும்தான் 5 சதவீதம் போட்டார்கள். உடனே பல கம்பெனிகளுக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்தது. 'இந்தப் பெயர் மேல் நாங்கள் உரிமை கொண்டாட மாட்டோம்' என்று மூட்டை மேலேயே அச்சடித்து, பட்டினத்தார் மாதிரி பிராண்டைத் துறந்தார்கள். வியாபாரத்தை மட்டும் துறக்கவில்லை! அந்த ஓட்டையைத்தான் 2022-ல் அடைத்தார்கள்.

அடைத்த கையோடு பக்கத்திலேயே இன்னொன்றைத் திறந்தும் வைத்தார்கள். வரி 25 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் அது சில்லறை பாக்கெட் இல்லையாம். நம் ரைஸ்மில்காரர்கள் ரொம்ப யோசிக்கவில்லை. ஒரு கிலோ சேர்த்துப் போட்டுத் தைத்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ 1,500 ரூபாய். வரி 75 சேர்ந்தால் 1,575. ஆனால் 26 கிலோ, வரியில்லாமல், 1,560. பெரிய மூட்டை சின்ன மூட்டையை விட 15 ரூபாய் மலிவு! காமர்ஸ் வாத்தியார் யாரும் எனக்கு இப்படி ஒரு கணக்கு சொல்லித் தந்ததில்லை.

அதற்காக 26 கிலோ மூட்டையில் வரியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஜூலை 18-ல் ரைஸ்மில் மெஷின்களுக்கான வரியும் 5-லிருந்து 18 ஆனது. வரி போட்டு விற்கிற மில், மெஷினுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். வரியில்லாமல் விற்கிற மில்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டியது கட்டியதுதான். அது சத்தமில்லாமல் அரிசி விலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைக்கு மூட்டையோடு திரும்பும்போது வழக்கம்போல ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்கள் ஊர் கேட்டைத் தெரியாதவர்கள் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரோட்டில் பஸ்ஸில் போகாத புண்ணியவான்கள். உள்ளே ஒரு கூட்ஸ் வண்டி முன்னே போய்ப் பின்னே வந்துகொண்டிருந்தது. நீடாமங்கலம் ஸ்டேஷனில்தான் சுற்றுவட்டார நெல்லை ஏற்றி வெளி மாவட்டங்களுக்கு அரவைக்கு அனுப்புவார்கள். அரசாங்கம் வாங்கிய நெல். அரைத்து ரேஷன் கடைக்குப் போகும். 2011 ஜூனிலிருந்து இலவசம். ஆக, ரேஷன் அரிசி கேட்டுக்கு உள்ளே. கடை அரிசி என் எக்ஸெல்லில், வெளியே. நடுவில் நான், வியர்வையோடு.

பக்கத்தில் நின்றிருந்த பையன் சைக்கிளைச் சாய்த்து, குனிந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். (நீங்கள் செய்யாதீர்கள், உயிர் போகும், பிடித்தால் அபராதம்.) அப்போது தோன்றியது: ரயில்வே கேட்டில் மூட்டை இல்லாதவன்தான் குனிந்து போகலாம். வரி கேட்டில் பெரிய மூட்டை வைத்திருப்பவன்தான் குனிந்து போகலாம்!

இந்தச் சிந்தனை 2025 தீபாவளி வரைக்கும் வெறும் ஜோக்காகத்தான் இருந்தது.

சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர். அவர் பையன் சென்னையில் வேலை. தீபாவளிக்கு வந்தவன், "அண்ணே, இந்த வருஷம் எனக்கு டாக்ஸே கிடையாது" என்றான். உண்மைதான். 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது பன்னிரண்டே முக்கால்.

"அரிசி எப்படிடா வாங்கறே?"

"சூப்பர் மார்க்கெட்ல அஞ்சு கிலோ பாக்கெட்."

"அப்ப நீ வரி கட்டறே. 300 ரூபாய் பாக்கெட்டுக்கு 15 ரூபாய். இருபத்தாறு கிலோ மூட்டை வாங்கினா இல்லை."

"ரூம்ல ரெண்டே பேர்ண்ணே. இருபத்தாறு கிலோவை நாங்க திங்கறதுக்குள்ள வண்டு தின்னுடும். அதுவுமில்லாம மாசக் கடைசியில ஆயிரத்து ஐந்நூறுக்கு எங்கே போறது?"

எங்கள் ஊரில் பாய் மூட்டையைப் பிரித்து ரெண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. பாய் இல்லாத ஊரில், மொத்தமாக வாங்கக் காசோ இடமோ இல்லாதவன்தான் வரி கட்டுகிறான்.

சித்தப்பா எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுவை அறுத்தாகிவிட்டது. நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடந்தது. மழை விடவில்லை. டெல்டா முழுக்க அந்த அக்டோபரில் இதே கதை. பல இடங்களில் நெல் குவியலிலேயே முளைத்துவிட்டது.

விலை என்னவோ நல்ல விலைதான். சன்ன ரகத்துக்கு மத்திய அரசு 2,389 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 156, ஆக குவிண்டாலுக்கு 2,545. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதியது. கடுதாசி போய் வருவதற்குள் மழை நாலு தடவை வந்து போனது.

நான் வாய் சும்மா இராமல் ஒரு கணக்குப் போட்டேன். பையன் கட்டுகிற 15 ரூபாயில் பாதி, ஏழரை ரூபாய், மாநிலத்துக்கு. அப்பாவுக்கு ஒரு குவிண்டாலுக்கு 156 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்க, பையன் மாதிரி ஆட்கள் 21 பாக்கெட் அரிசி வாங்க வேண்டும்.

"அட, நான்தான் அப்பாவுக்குப் பணம் குடுக்கிறேனா!" என்றான் பையன் பெருமையாக.

சித்தப்பா அப்போதுதான் திரும்பினார். "குடுத்தியே, வந்து சேர்ந்துச்சாடா?"

யாரும் பேசவில்லை. மத்தாப்புகூட அன்றைக்கு நமுத்துத்தான் இருந்தது.

பட்ஜெட் அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து எத்தனை சதவீதம், எத்தனை கோடி என்று பார்க்கிறோம். தப்பில்லை. ஆனால் சம்சாரியின் பாக்கெட்டில் கை வைப்பது பெரும்பாலும் அந்தப் பெரிய எண்கள் இல்லை. எங்கேயோ கோடு போட்டிருக்கிற சின்ன எண்கள்தான். பையனைப் பிடித்தது 25. அப்பாவைத் தடுத்தது 17. வரி போடட்டும், வாங்கட்டும். அதில்தான் நெல்லுக்கு விலையும் ரேஷனில் அரிசியும் கிடைக்கிறது. கோட்டை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துப் போட்டால் போதும்.

ஊருக்குக் கிளம்பும்போது பையனுக்கு சித்தி ஒரு பையில் அரிசி கட்டிக் கொடுத்தாள். சொந்த வயல் நெல், வீட்டுக்கு எடுத்து வைத்தது. தூக்கிப் பார்த்தேன். ஐந்து கிலோ இருக்கும்.

லேபிள் இல்லை. வரியும் இல்லை.