மின்ஒழுக்கு என்று சொல்லி முடித்துவிட வேண்டாம்

லயத்தில் தீ பிடித்தால் மறுநாள் வரும் செய்தி ஒரே மாதிரிதான்: மின்ஒழுக்கு காரணமாம். அத்தோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. அந்த லயத்தில் என்ன அளவு வயர் ஓடியது, அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

லயங்கள் கட்டப்பட்ட காலத்தில் கரண்ட் இல்லை. பிறகு வந்தபோதும் பல இடங்களில் இரண்டு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் கணக்குப் பார்த்தே வயர் இழுத்தார்கள். இன்று அதே வயரில் கேத்தல், ரைஸ் குக்கர், அயன் பெட்டி எல்லாம் ஓடுகின்றன. 2000 வாட் கேத்தலும் 1000 வாட் அயன் பெட்டியும் சேர்ந்தால் 13 அம்பியர் இழுக்கும். லைட்டுக்குப் போடும் 1/1.13 வயர், குழாய்க்குள் போனால், தாங்குவது 13.5 அம்பியர். அதுவும் சுற்றியுள்ள காற்று 30 பாகையாக இருந்தால்தான்.

இந்தக் குளிரில் வயர் எங்கே சூடாகப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. குளிர் வெளியேதான். வயர் ஓடுவது தகரத்துக்கு அடியில், விறகடுப்புக்கு மேலே. சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 பாகை வரைதான். கூரையடியில் 50 பாகை ஏறிவிட்டால், மிச்சம் 20 பாகைக்குள்தான் கரண்ட்டின் சூடு அடங்க வேண்டும். அப்போது 1/1.13 வயர் தாங்குவது 9.5 அம்பியர். தடித்த 7/0.67 வயர்கூட 24 அம்பியரிலிருந்து 17க்கு இறங்கிவிடும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. உறை ஒரே நாளில் உருகுவதில்லை. வருடக்கணக்கில் காய்ந்து, வெடித்து, பிறகுதான் நெருப்பாகிறது.

90 பாகை தாங்கும் வயர் கிடைத்தால் வாங்கலாம். அதற்காக மெல்லியது போதும் என்று எண்ண வேண்டாம். அது போய்ச் சேரும் பிளக் பொயின்ட் பெரும்பாலும் 70 பாகைக்கே செய்யப்பட்டது. டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பதும் ஆறுதல் இல்லை. கரண்ட் ஒழுகினால் அது விழும்; வயர் தாங்காத அளவு இழுத்தால் விழாது. அதற்கு வயருக்கு ஏற்ற பிரேக்கர் வேண்டும்.

இதைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. லயத்தின் உறுதி பெரும்பாலானோர் கையில் இல்லை. ஆனால் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரையின் கீழ் உள்ள எல்லாக் காம்பராக்களுக்கும் போகிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சாம்பலாகிறது.

தகுதி பெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு ஒவ்வொரு லயத்தையும் நிர்வாகம் பரிசோதிக்க வேண்டும். பிளக் பொயின்ட்டுகளுக்கு 7/0.67க்குக் குறையாத தனி வயரும் 16 அம்பியர் பிரேக்கரும் போட வேண்டும். செலவைச் சம்பளத்தில் வெட்டக் கூடாது. கமிட்டித் தலைவர்மார் பிளக் பொயின்ட் கறுத்த, வயர் வெடித்த காம்பராக்களின் இலக்கங்களை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தோடு அந்தப் பட்டியலும் போகும். அதுவரை, கேத்தல் கொதிக்கும்போது அயன் பெட்டியைப் போடாதீர்கள்.