கையெழுத்து போட வேண்டியது யார்?

பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் பெரியம்மா, இரைப்பைப் புற்றுநோயால் போன வருடம் இறந்து போனார். சின்ன வெங்காயக் காட்டில் களை எடுத்தே மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். 'வாயுத் தொல்லைதான்' என்று ஓமத் தண்ணீர் குடித்தே ஒரு வருடத்தை ஓட்டி விட்டார். எண்டோஸ்கோபி செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அவருக்கு இரண்டு முறை கீமோ ஏற்றிய பிறகு, துணைக்கு இருக்கப் போயிருந்தேன். மருத்துவ ஃபைலை அடுக்கும்போது, நாலைந்து பக்கத்தில் தமிழில் அச்சடித்த ஒரு தாள் கிடைத்தது. முதலில் காட்டிய பெரிய மருத்துவமனையில் கொடுத்தது. புதிய மருந்து ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். அண்ணனிடம் கேட்டேன். "அம்மாவை எலி மாதிரி வெச்சிப் பாக்கறேன்றாங்க. அதான் வேண்டாம்னு சொல்லி, வேற எடத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்றார். பெரியம்மாவுக்கு எதுவுமே தெரியாது. நான் படித்துக் காட்டியதும், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா!" என்றார். மறுநாளே போன் செய்து விசாரித்தோம். வேறு இடத்தில் சிகிச்சை தொடங்கி விட்டதால், இனி சேர்க்க முடியாது என்றார்கள்.

சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால், தன் உடம்பைப் பற்றிய முடிவில் அவருக்குப் பங்கே இல்லாமல் போனதுதான் என் மனதை அறுக்கிறது. ரேஷன் கார்டிலும் பத்திரத்திலும் நம் கையெழுத்தைத் தேடி வந்து வாங்குகிறார்கள். உயிர் விஷயத்தில் மட்டும் ஏன் பிள்ளையும் வீட்டுக்காரருமே பேசி முடித்து விடுகிறார்கள்?

2019-ல் வந்த புதிய மருந்து ஆய்வு விதிகளின்படி, நோயாளி புரிந்து கொள்ளும் நிலையில் இருந்தால் அவர்தான் சம்மதம் தர வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக் கொள்ளலாம். அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஆய்வே நடத்த முடியாது.

'எலி' என்ற பயமும் முழுக்கச் சரியில்லை. பெரிய ஆய்வுகளில் பாதிப் பேருக்கு இப்போதுள்ள நல்ல சிகிச்சையும், மீதிப் பேருக்குப் புதியதும் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி கொடுத்து, எது நல்லது என்று பார்ப்பார்கள். மார்பகப் புற்றுக்குக் கொடுத்து வந்த டிராஸ்டுசுமாப் என்ற மருந்து, ஹெர்-2 வகை இரைப்பைப் புற்றுக்கும் ஓரளவு உதவும் என்பது 2010-ல் வெளியான ஆய்வில்தான் தெரிந்தது. 24 நாட்டு நோயாளிகள் சேர்ந்த அந்த ஆய்வில் நம் நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் நான்கு மருந்துக் கீமோவும், ஜெர்மனியில் 716 பேர் சேர்ந்த ஆய்வு 2019-ல் வெளியான பிறகுதான் பரவலானது. யாரோ ஒருத்தி சம்மதித்ததால்தான் இன்று நமக்கு மருந்து!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. முதல் கட்ட ஆய்வு என்றால், எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதே முக்கிய நோக்கம். எந்தக் கட்டம், என்ன பக்க விளைவு, எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவு தருவார்களா, எந்த டெஸ்டுக்கு நாம் பணம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். தாளின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டு போய் யோசித்துச் சொல்கிறோம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

எங்கே தேடுவது? மத்திய அரசு 2007-ல் தொடங்கிய 'சி.டி.ஆர்.ஐ.' என்ற பதிவேடு இணையத்தில் இருக்கிறது. காசு கிடையாது. ஆங்கிலத்தில் இருப்பதால், கல்லூரி போகும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். எந்த ஊரில் நடக்கிறது, ஆள் சேர்க்கிறார்களா, யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் டாக்டரையே நேராகக் கேட்கலாம். அரியலூர்க்காரர்களுக்காவது ரயில் இருக்கிறது. பெரம்பலூர்க்காரர்களுக்குப் பஸ்தான், கீமோ ஏறிய உடம்போடு அலைய முடியுமா என்பதையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

முக்கியமான விஷயம், கீமோவோ ஆபரேஷனோ தொடங்குவதற்கு முன்பே கேட்டு விட வேண்டும். தொடங்கிய பிறகு பல ஆய்வுகளின் கதவு மூடி விடுகிறது. பயாப்ஸி ரிப்போர்ட்டையும், சதையை வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஹெர்-2 போன்ற டெஸ்டுக்கு அதுதான் வேண்டும்.

சகோதரிகளே, நம் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால், டாக்டர் அறைக்குள் நோயாளியையும் கூட்டிக்கொண்டு போவோம். 'வேண்டாம்' என்பதாக இருந்தாலும், அதை அவர் வாயால் சொல்லட்டும். என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, அரியலூர்.