மூன்றாம் நாள் சோறு வடிப்பது யார்?

கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு நம் ஊர் தாராளமாகக் கொடுப்பது பாராட்டு. ‘நீங்க ரொம்ப தைரியசாலி மேடம்’, ‘உங்களைப் பார்த்துத்தான் மத்தவங்க கத்துக்கணும்’. எட்டுச் சுற்றில் ஆறு முடிந்திருக்கிறது எனக்கு. இந்த வாக்கியங்களை எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. சொன்னவர்களில் பாதிப்பேர், நான் போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார்கள். இந்தக் கட்டுரை அந்தக் காப்பியைப் பற்றியது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு 21 நாளுக்கு ஒருமுறை மருந்து. முதல் நான்கு சுற்றிலும் ஏற்றிய டாக்ஸோரூபிசின் செக்கச்செவேலென்று இருக்கும், அன்று சிறுநீரும் சிவந்து போகும். அன்றைக்கும் மறுநாளும் பெரிதாக ஒன்றும் தெரியாது. கூடவே ஏற்றும் ஸ்டீராய்டும் வாந்தியை அடக்கும் மருந்தும் பிடித்து நிறுத்திவைத்திருக்கும். பார்க்க வருகிறவர்கள் அந்த இரண்டு நாளில்தான் வருவார்கள். ‘நல்லாத்தானே இருக்காங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் உடம்பு விழும். கடுகு தாளிக்கும் வாசனைக்கே குடல் புரளும், வாயெல்லாம் புண், குடிக்கும் தண்ணீரில் இரும்புச் சுவை. ஒரு வாரம் கழிந்து கொஞ்சம் தேறியது போலிருக்கும்போது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். மூன்றாம் வாரம் உடம்பு எழுந்து நிற்கும். நின்றதும் அடுத்த சுற்று. இப்போது ஏற்றும் பேக்லிடாக்செலால் விரல் நுனிகள் மரத்துவிட்டன. சாக்பீஸ் கையில் இருப்பது கண்ணுக்குத்தான் தெரிகிறது. சோற்றுப் பானை சுடுவது கொப்புளம் வந்த பிறகு தெரிகிறது.

மருத்துவமனையில் ஓர் அறிவுரைத் தாள் கொடுத்தார்கள். வீட்டில் சமைத்த சூடான உணவை உண்ணவும். போதுமான ஓய்வு எடுக்கவும். கூட்டத்தைத் தவிர்க்கவும். தமிழ் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் என் கண்ணுக்கு உடனே பட்டது: உண்பது யார் என்று தெரிகிறது, சமைத்தது யார்? தோன்றா எழுவாய். இதே தாளை ஓர் ஆண் நோயாளி கையில் கொடுத்துப் பாருங்கள், எழுவாய் தானாகவே தோன்றிவிடும். மனைவி, அம்மா, மகள், மருமகள். பெண் நோயாளியின் வீட்டில் அந்த இடம் காலி. காலி இடத்தில் அவளே போய் நிற்கிறாள். நின்றால் அதற்குப் பெயர் தைரியம்.

‘குடும்பம் பார்த்துக்கொள்ளாமலா இருக்கிறது?’ என்று கேட்பார்கள். பார்த்துக்கொள்கிறது. ஆண்கள் வண்டி ஓட்டுகிறார்கள், பில் கட்டுகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள். எல்லாமே நாலு பேர் பார்க்கிற வேலைகள். அடுப்படி வேலைக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து என் அம்மா வந்தார். வயது 68, மூட்டுவலி. ஒரு பெண் ஓய்வெடுக்க இன்னொரு பெண்ணின் முதுகு ஒடிய வேண்டும் என்பதற்குப் பெயர் குடும்பப் பராமரிப்பா?

எனக்காவது அம்மா இருக்கிறார். மருந்தேற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் ஆலத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவர். சின்ன வெங்காயத்தில் தாள் அரியும் கூலி வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு மருந்துச் செலவு போய்விடுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் வராத செலவுகளை அவர்தான் எனக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினார். பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது, திருச்சிக்குப் பஸ்தான். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துக்குத்தான் செல்லும், அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சிக்குச் செல்லாது. துணைக்கு மகளைக் கூட்டிவந்தால் இரண்டு டிக்கெட், இரண்டு கூலி நட்டம். ‘நாலாம் நாளு வெங்காயத்துக்குப் போயிடுவேன் டீச்சர், உக்காந்து செய்யிற வேலதான’ என்றார். அவரிடம் போய் யாராவது தன்னம்பிக்கை பற்றிப் பேசட்டும், நான் பார்க்கிறேன்.

இதே பஸ்ஸில் முடி கொட்டிய தலையோடு ஏறினால் வருகிற கேள்வி ‘சமயபுரமா?’ என்பது. வழியில் கோயில் இருப்பதால் கேள்வியில் தப்பில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டவளை யாரும் இரக்கத்தோடு பார்ப்பதில்லை. முக்காடு போட்டுக்கொண்டால் கதை வேறு. கைம்பெண்ணின் மழித்த தலையைப் புறநானூற்றுக் காலத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண்கள் இவை. பெண்ணின் தலையில் முடி இல்லையென்றால் ஒன்று சாமி காரணம், இல்லையென்றால் புருஷன் காரணம். மருந்து காரணமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு ‘விக்’ வாங்கச் சொன்னவர்கள் எல்லோரும் ‘பிள்ளைங்க பயப்படும்’ என்றே சொன்னார்கள். என் தலை அரிக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், 1978இல் ஒரு மார்பை இழந்தபின் செயற்கை மார்பு வைத்துக்கொள்ள மறுத்தார். நீங்கள் இப்படி வந்தால் இந்த இடத்தின் மனநிலை கெடும் என்று ஒரு செவிலியர் கண்டித்ததை 1980இல் வந்த தன் புற்றுநோய்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நாடு வேறு, உபதேசம் ஒன்றே. நம் நோயைப் பார்க்கிறவர்களுக்கு உறுத்தாமல் வைத்துக்கொள்ளும் பொறுப்பும் நம் தலையில்தான்.

அக்டோபர் வந்தால் கல்லூரிகளில் இளஞ்சிவப்பு ரிப்பன், கோலப்போட்டி, உறுதிமொழி. கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவினால் நடக்கட்டும். நான் வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரியில் அந்த மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மாதம் மருந்துக்காக வராத நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். போராடிப் பெற்ற உரிமை அது, நல்லது. ஒப்பந்தத்திலும் தொகுப்பூதியத்திலும் பாடம் நடத்தும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொந்த உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனை நாள் என்பதைக் கேட்பாரில்லை.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். தங்கை எவ்வளவு மன உறுதியோடு வலியைத் தாங்கினாள் என்று பேசிக்கொண்டிருக்கவில்லை அக்கா. அலைந்து, பணம் திரட்டி, ஏளனம் தாங்கி 1954இல் அடையாறில் மருத்துவமனையைத் திறந்தார். நம் பாராட்டுக்காரர்களுக்கு இந்த வரலாறு தெரியும். தெரிந்துதான் பாராட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் கேட்பது இவை. சிகிச்சைக்குப் போகும் பெண்ணுக்கும் துணைக்கு வருபவருக்கும் எந்தப் பேருந்திலும் டிக்கெட் இருக்கக் கூடாது. தற்காலிகப் பணியாளருக்கும் கீமோ நாட்களில் சம்பளம் பிடிக்கக் கூடாது. முதல் சுற்றுக்கு முன், கணவரையும் மகனையும் எதிரில் உட்காரவைத்து, மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை சமைப்பது யார் என்று மருத்துவர் கேட்க வேண்டும். அறிவுரைத் தாளில் அந்தப் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நோயாளியின் பெயரை அங்கே எழுதக் கூடாது. சிரிக்காதீர்கள், அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட இதே ஆண்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

என்னைப் பார்க்க வர விரும்பும் மாணவிகளுக்கு: இரண்டாம் வாரத்தில் வராதீர்கள், எனக்குத் தொற்று வந்துவிடும். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நாலாம் நாள் காலையில் வாருங்கள், வரும்போது அண்ணனையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். ராத்திரிப் பாத்திரம் அப்படியே கிடக்கும். விளக்குகிற நார் ஜன்னல் திட்டில் இருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள்.