அறுபத்தோராவது அலகு

மாதக் கடைசி வந்தால் உம்மாவின் கண் சுவரிலுள்ள மீற்றரில்தான் இருக்கும். இஷாத் தொழுகை முடிந்ததும் டோர்ச் வெளிச்சத்தில் இலக்கத்தைப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு யுனிட்தான் இருக்குது மகள். முன்ரூம் லைட்ட நூத்துப் போட்டுட்டு, தம்பியோட ஒண்டா இருந்து படிங்க" என்பார்.

அந்த எல்லை 60 அலகு. உம்மா ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்பது, உயர்தரத்தில் பொருளியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 60 அலகு பாவித்தால் முதல் 30 அலகுக்குத் தலா 4 ரூபாய், அடுத்த 30 அலகுக்குத் தலா 6 ரூபாய், நிலையான கட்டணம் 200 ரூபாய். மொத்தம் 500 ரூபாய். 61 அலகு பாவித்தாலோ முதல் 60 அலகுக்கும் விலை 11 ரூபாயாக மாறுகிறது. கடைசி அலகுக்கு 14 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய். வரி நீங்கலாக மொத்தம் 1074 ரூபாய். அந்த ஓர் அலகின் எல்லைச் செலவு 574 ரூபாய்!

10 வாற்று எல்.இ.டி. குமிழ் ஒன்று தினமும் 4 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 1.2 அலகு. அதாவது, ஒரு பிள்ளை படிக்கும் வெளிச்சமே ஒரு வீட்டின் பட்டியலை இரட்டிப்பாக்கப் போதுமானது.

குறைவாகப் பாவிப்பவருக்குச் சலுகை, கூடுதலாகப் பாவிப்பவருக்குக் கூடிய விலை என்பதே இந்த முறையின் நோக்கம். அதை நான் மறுக்கவில்லை. வீண்விரயம் கூடாது என்று வீட்டிலும் மத்ரஸாவிலும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் 61 அலகு பாவிக்கும் வீட்டில் என்ன விரயம் இருக்கிறது? இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் வாழும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. பெருநாளுக்கு முன் இரவிரவாக அபாயா தைக்கும் தாய்மார் உண்டு. நோன்பு மாதத்தில் ஸஹருக்கும் விளக்கு எரியத்தான் வேண்டும். மீற்றர் அலகை மட்டும் எண்ணும். வீட்டிலுள்ள ஆட்களை எண்ணாது.

"மன்னார்க் கேஸ் வந்தால் கரண்ட் மலிந்துவிடும்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். செட்டிகுளத்தைத் தாண்டி மேற்கே போனால் மன்னார்தான். அங்கே கடலடியில் 2011இல் கெயார்ன் நிறுவனம் இயற்கை வாயுவைக் கண்டுபிடித்தது. இன்னும் அது அடுப்புக்கும் வரவில்லை, மின்நிலையத்துக்கும் வரவில்லை. மன்னார்த் தீவில் 100 மெகாவாற்று தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. வாயுவும் காற்றும் உற்பத்திச் செலவைக் குறைக்கலாம். ஆனால் அந்தச் செலவை எந்த வீட்டின் மேல் எவ்வளவு வைப்பது என்பதைக் காற்று தீர்மானிப்பதில்லை. மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

அந்தத் தீர்மானம் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. கட்டணத்தை மாற்றுமுன் அது மக்களிடம் எழுத்திலும் வாய்மொழியாகவும் கருத்துக் கேட்கிறது. இது வெறும் சடங்கு என்று எண்ண வேண்டாம். 2025 ஜனவரிக் கட்டணத்துக்கு முன், இருந்த கட்டணமே தொடரட்டும் என்றுதான் மின்சார சபை கேட்டது. ஆணைக்குழுவோ 20 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் சபை 6.8 சதவீத உயர்வு கேட்டபோது ஆணைக்குழு மறுத்தது. இடையில் ஜூனில் 15 சதவீதம் கூட்டவும் செய்தது. கூட்டினாலும் குறைத்தாலும், 60க்கும் 61க்கும் இடையிலுள்ள அந்தப் பள்ளம் மட்டும் மூடப்படவில்லை.

என் கருத்து இதுதான்: 90 அலகு வரை பாவிக்கும் வீடுகளுக்கு முதல் 60 அலகின் விலை மாறக் கூடாது. மேலதிக அலகுக்கு மட்டும் மேலதிக விலை அறவிடட்டும். நிலையான கட்டணமும் ஒரேயடியாகப் பாயாமல் படிப்படியாக ஏறட்டும். இதனால் குறையும் வருமானத்தை யாராவது ஈடுசெய்யத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 180 அலகுக்கு மேல் பாவிக்கும் வீடுகள் அதில் ஒரு பங்கை ஏற்கலாம். அவர்களுக்கும் வாதம் இருக்கும். அவர்கள் வந்து சொல்லட்டும். நாங்களும் போய்ச் சொல்வோம்.

அங்கேதான் எங்கள் குறை இருக்கிறது. பட்டியல் வந்தால் திண்ணையில் இருந்து பெருமூச்சு விடுகிறோம். கருத்துக் கேட்கும்போது பேசாமல் இருக்கிறோம். பெற்றோரே, உங்கள் பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். தோழியரே, அடுத்த முறை அறிவித்தல் வந்தால் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். கட்டுரைப் போட்டிக்கு எத்தனை பக்கம் எழுதுகிறோம்!

நான் எழுத வேண்டிய கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். கணக்கை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இத எழுதி முடிக்குமட்டும் லைட்ட நூக்க வேணாம்" என்றார்.