இடியன் துவக்கும் தீவகத்துப் பிள்ளைகளும்

நெடுந்தீவில் காட்டுக்குதிரை உண்டு. வேட்டையாட மான் இல்லை. தீவகத்தார் பலருக்கு இடியன் துவக்கு பழக்கமானது வன்னியில் வயல் செய்யப் போன இடத்திற்றான். குழல்வாயால் மருந்தை இட்டு, தும்பு அடைத்து, சன்னம் போட்டு, கோலால் இடித்து இறுக்குவதால் அது இடியன். மருந்து மிகுந்தாலோ, வெடிக்காத ஒன்றின்மேல் மறந்து இன்னொன்றை இட்டாலோ, குழல் பிளந்து சுட்டவன் கையையே கொண்டுபோகும்.

கனடாவில் வளரும் நம் பிள்ளைகள் இத்துவக்கால் மான் வேட்டை பழக விரும்பினால் தாராளமாகப் பழகட்டும். ஒன்ராறியோவில் அதற்கென வேட்டைக் கல்வி, அனுமதிப்பத்திரம், தனிப் பருவம் எல்லாம் உண்டு. அந்தப் பழக்கத்தோடு விடுமுறையில் வன்னிக் காட்டுக்குள் இறங்குவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

இலங்கையில் புள்ளிமானுக்கும் மரைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1937இல் வந்த கட்டளைச் சட்டம் பின்னர் பலமுறை இறுக்கப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கட்டுத்துவக்கு. அதே இடியனை மரத்தோடு கட்டி, விசையிலிருந்து பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டு வேட்டைக்காரன் வீட்டில் உறங்குவான். விறகுக்குப் போகும் பெண்ணின் காலும் மானின் காலும் அந்தக் கம்பிக்கு ஒன்றே. இதை வேட்டை என்று சொல்ல வாய் கூசுகிறது.

ஊருக்கு வந்து மான்வற்றல் விசாரிக்கும் உறவினர், அது எப்படி விழுந்த மான் என்பதையும் ஒருமுறை விசாரிக்கட்டும்.